கிழமையும் வண்ணமும்: தாய்லாந்து இலக்கியத்தில் ஒரு நம்பிக்கையின் மாற்றங்கள்

தென்கிழக்காசியப் பண்பாடுகளை ஆராயப் புகும் தமிழ் அறிஞரிடையே ஒரு பழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அந்நாடுகளில் ஒரு சொல்லையோ சடங்கையோ நம்பிக்கையையோ கண்டவுடன் அதன் மூலத்தை இந்தியாவிலே, இயலுமாயின் தமிழகத்திலே, இனங்கண்டு மனநிறைவு அடைதலே அப்பழக்கமாகும். இதற்கு நியாயமே இல்லை என்று கூறுவதற்கில்லை. பாங்கொக் அரசவைப் பிராமணர் திருவெம்பாவை, திருப்பாவைப் பாடல்களைத் தம் வழிபாட்டிற் பேணி வந்தமையைத் தனிநாயகம் அடிகளாரின் எழுத்துக்கள் வாயிலாக ஈழத்து வாசகர் நன்கறிவர். ஆயின் மூலத்தைக் கண்டறிதல் ஆய்வின் தொடக்கமேயன்றி முடிபு அன்று. கடன் கொண்ட ஒன்றைக் கொண்டவர் என்ன செய்தனர் என்பதே பண்பாட்டு வரலாற்றின் உயிரான வினா.

இவ்வினாவைத் தாய்லாந்தில் வழங்கும் கிழமை வண்ணங்கள் பற்றிய நம்பிக்கையை வைத்து எழுப்ப விரும்புகின்றோம். அந்நாட்டினர் இன்று எளிதிற் கூறும் பட்டியல் பின்வருமாறு அமையும்: ஞாயிறு சிவப்பு, திங்கள் மஞ்சள், செவ்வாய் இளஞ்சிவப்பு, புதன் பச்சை, வியாழன் செம்மஞ்சள், வெள்ளி நீலம், சனி ஊதா. புதன்கிழமை மாத்திரம் பகல், இரவு என இரண்டாகப் பிரியும். அதன் இரவுப் பகுதி இராகுவுக்கு உரியது. அதற்குச் சாம்பல் நிறமோ கருமையோ கூறப்படும். இப்பட்டியல் தொன்றுதொட்டு மாறாது வருவதொன்று எனவே பொதுவாக எடுத்துரைக்கப்படுகின்றது. அக்கூற்றை அந்நாட்டு இலக்கியங்கள் இரண்டினை உரைகல்லாகக் கொண்டு சோதித்தல் நமது நோக்கமாகும். ஒன்று, சுந்தோன் பூ என்னும் பெருங்கவிஞர் இயற்றிய 'சவஸ்தி ரக்சா' என்ற அறநூல். மற்றையது, குக்ரித் பிராமோஜ் எழுதிய 'சீ பேன்டின்' (நான்கு ஆட்சிகள்) என்ற நாவல்.

1

இலக்கியங்களை நோக்குமுன் நம்பிக்கையின் சோதிட அடிப்படையைச் சிறிது தெளிவுபடுத்திக் கொள்வோம். தாய்லாந்து மொழியின் கிழமைப் பெயர்கள் வடமொழி வழி வந்தவை. ஆதித்தன், சந்திரன், அங்காரகன், புதன், பிரகஸ்பதி, சுக்கிரன் ஆகிய பெயர்களை அவற்றில் எளிதாக இனங்காணலாம். வண்ணங்களைப் பொறுத்தவரை நிலைமை அத்துணை எளிதன்று. நமது கோயில்களில் நவக்கிரகங்களுக்குச் சாத்தும் ஆடைகளை நினைவுகூர்வோம். ஞாயிற்றுக்கும் செவ்வாய்க்கும் சிவப்பு, திங்களுக்கும் வெள்ளிக்கும் வெண்மை, புதனுக்குப் பச்சை, வியாழனுக்கு மஞ்சள், சனிக்குக் கருமை. செவ்வாய், வெள்ளி என்னும் தமிழ்ப் பெயர்களிலும், வியாழனைப் 'பொன்' என்றும் சனியைக் 'காரி' என்றும் வழங்கும் மரபிலும் இவ்வண்ணங்கள் சொல்லாகவே உறைந்துள்ளன. தாய்லாந்தின் இன்றைய பட்டியலோ ஞாயிற்றிலும் புதனிலும் மாத்திரமே இதனோடு முற்றாக ஒத்துச் செல்கின்றது. வெண்மை என்ற நிறமே அதில் இல்லை. மஞ்சள் வியாழனிலிருந்து நீங்கித் திங்களிற் குடிகொண்டுள்ளது. எனவே, நவக்கிரக வண்ணங்களே அங்கும் வழங்குகின்றன என்று கூறி அமைந்துவிடுதல் பொருந்தாது.

ஆயினும் தொடர்பு இல்லை என்பதும் தவறு. அது வேறோரிடத்தில் உள்ளது. தாய்லாந்துச் சோதிட மரபிற் கிரகங்களின் தோற்றம் பற்றி ஒரு படைப்புக்கதை உண்டு. அதன்படி ஈசுவரன் சிலவகை உயிர்களைப் பொடியாக்கி, அப்பொடியை வண்ணத் துணியிற் பொதிந்து, அமுதம் தெளித்து ஒவ்வொரு கிரகத்தையும் படைத்தான். ஆறு சிங்கங்களிலிருந்து ஞாயிறும், பதினைந்து தேவமகளிரிலிருந்து திங்களும், எட்டு எருமைகளிலிருந்து செவ்வாயும், பதினேழு யானைகளிலிருந்து புதனும், பத்துப் புலிகளிலிருந்து சனியும், பத்தொன்பது முனிவரிலிருந்து வியாழனும், பன்னிரண்டு தலைகளிலிருந்து இராகுவும், இருபத்தொரு பசுக்களிலிருந்து வெள்ளியும் தோன்றின என்பது கதை. பொதிந்த துணியின் நிறமே அவ்வக் கிழமையின் நிறம் ஆயிற்று. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது வெறும் கற்பனையாகத் தோன்றும். ஆனால் 6, 15, 8, 17, 10, 19, 12, 21 என்ற எண்களின் கூட்டுத்தொகை 108 ஆகும். இந்தியச் சோதிடத்தில் அட்டோத்தரி தசை எனப்படும் முறையில் இவ்வெட்டுக் கிரகங்களுக்கும் விதிக்கப்பட்ட ஆண்டுகள் இவையே; வரிசையும் இதுவே. நம்மிடையே பெருவழக்காயுள்ள 120 ஆண்டு விம்சோத்தரி முறையினின்றும் இது வேறானது. இதிற் கேதுவுக்கு இடமில்லை. தாய்லாந்தின் எட்டு வகுப்பிலும் கேதுவுக்கு இடமில்லாமை மனங்கொள்ளத்தக்கது.

ஆக, அங்கு சென்று வேரூன்றியது கணக்கு, வண்ணமன்று. எண்ணும் வரிசையும் பிசகாது பேணப்பட்டன. வண்ணமோ அவ்வச் சமூகத்தின் தேவைக்கேற்ப நெகிழ்ந்து கொடுத்தது. இவ்வரிசையை எட்டுத் திசைகளில் வட்டமாக அமைத்து, பிறந்த கிழமையிலிருந்து பரிவாரம், ஆயுள், தேசு, திரு, மூலம், உற்சாகம், மந்திரி, காலகண்ணி என எண்ணிச் செல்லுதல் அவர் முறை. எட்டாவதாக வரும் காலகண்ணியின் நிறம் அவருக்கு ஆகாது. திங்களிற் பிறந்தவர்க்குச் சிவப்பும், ஞாயிற்றிற் பிறந்தவர்க்கு நீலமும் விலக்காவது இக்கணக்கின்படியே. இங்கு ஒருவரது பிறந்த கிழமையே அடிப்படையாக அமைகின்றது என்பதை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டுகின்றோம். நமது வாதம் பெரும்பாலும் அதனைச் சுற்றியே செல்லும்.

2

சுந்தோன் பூ 1786 யூன் 26 ஆந் திகதி பிறந்து 1855 இல் மறைந்தவர். இரண்டாம் இராமா மன்னரின் (1809–1824) அவையிற் பெருமதிப்புப் பெற்று விளங்கியவர். அம்மன்னரின் மறைவுக்குப் பின் ஆதரவிழந்து துறவாடை பூண்டவர். 'பிரா அபை மணி' என்ற நெடுங்காவியமே அவருக்கு அழியாப் புகழை ஈட்டித் தந்தது. 'சவஸ்தி ரக்சா' அளவிற் சிறியது. இரண்டாம் இராமாவின் ஆட்சிப் பிற்பகுதியில் இளவரசர் ஒருவருக்கு ஆசிரியராக இருந்தபோது அவருக்கென இயற்றியது எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. தலைப்பை 'மங்கலக் காப்பு' எனத் தமிழாக்கலாம்.

இந்நூலிலிருந்து கிழமை வண்ணங்களைக் கூறும் வரிகள் மாத்திரம் பிரித்தெடுக்கப்பட்டு, பழைய நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டப்படுதல் பெருவழக்கு. அவ்வாறு காட்டுவோர் அவ்வரிகள் உண்மையில் என்ன கூறுகின்றன என்பதை ஊன்றி நோக்குவதில்லை. கவிஞர் தரும் வண்ணங்கள் இவை: ஞாயிறு சிவப்பு, திங்கள் பால்போன்ற வெண்மை, செவ்வாய் நீலங்கலந்த ஊதா, புதன் செம்மஞ்சளும் பல நிறம் மின்னும் கலவையும், வியாழன் பச்சையும் மஞ்சளும், வெள்ளி முகிலும் மூடுபனியும் போன்ற நிறம், சனி கருமை. இன்றைய பட்டியலோடு இது ஞாயிற்றுக்கிழமையில் மாத்திரமே முற்றாகப் பொருந்துகின்றது. திங்களிலும் சனியிலும் நமது நவக்கிரக மரபுக்கு அண்மையதாகவும், புதனில் அதனின்று விலகியும் நிற்கின்றது. எனவே இந்தியப் பட்டியலிலிருந்து சுந்தோன் பூவின் பட்டியலும், அதிலிருந்து இன்றைய பட்டியலும் படிப்படியாகத் தோன்றின என நேர்கோடு வரைதல் இயலாத காரியம்.

நிறங்களிலும் முக்கியமானது அவை கூறப்படும் சந்தர்ப்பம். நூல் விடியலில் தொடங்குகின்றது. சினங்கொள்ளாது துயிலெழுதல், கிழக்கோ தெற்கோ நோக்கி முகங்கழுவுதல் எனத் தொடரும் நாளொழுக்கத்தின் ஓர் உறுப்பாகவே ஆடை வருகின்றது. அது போர்க்கோலம் பூண்பவனின் ஆடை. வெள்ளியின் முகில் நிறம் போருக்குப் புறப்படுதற்கு உரியது. சனியின் கருமை பகைவரை அஞ்சச் செய்வது. ஏறிச் செல்லும் குதிரையின் அணியும் அந்நிறத்தோடு இயைய வேண்டும் என்பதும் அறிவுரை. நல்ல நேரமும் நற்குறியும் தேர்ந்து படை நடத்தும் பழைய போர்நூல் மரபின் சாயல் இங்கு தெளிவாக உள்ளது. இவ்வண்ணங்கள் அணிபவனின் உள்ளத்தை வெளியிடுவன அல்ல. எதிர்நிற்பவனின் கண்ணைத் தாக்குவன. இப்பகுதியின் கவித்துவமும் இதிலேயே தங்கியுள்ளது எனலாம். வெள்ளிக்குரிய நிறத்தைக் கவிஞர் வெறுமனே சாம்பல் என்று கூறிச் செல்லாது முகிலையும் பனியையும் கொணர்வதால், புலப்படாது வந்து சூழும் படையொன்று நம் மனக்கண்முன் எழுகின்றது. விதி கூறும் நூலிலும் கவிஞர் கவிஞராகவே நிற்கின்றார்.

பிறிதொன்றும் இங்கு நோக்கத்தக்கது. இளவரசன் எக்கிழமையிற் பிறந்தான் என்பது இவ்வண்ணப் பகுதியில் வினாவாகவே எழவில்லை. இன்று எக்கிழமை என்பதே வினா. ஞாயிற்றுக்கிழமை எவரும் சிவப்பு அணியலாம். அடுத்த நாள் அதனைக் களைந்து வெண்மை பூணலாம். வண்ணம் நாளோடு வந்து நாளோடு கழிவது. எவருக்கும் நிலையான அடையாளமாவதன்று.

3

இரண்டாவது நூலுக்கு வருவோம். குக்ரித் பிராமோஜ் (1911–1995) இரண்டாம் இராமாவின் கொள்ளுப்பேரர். 'சயாம் ராத்' பத்திரிகையை 1950 இல் நிறுவியவர். பின்னர் 1975–76 இல் நாட்டின் பிரதமராகவும் இருந்தவர். அப்பத்திரிகையில் 1951–52 காலப்பகுதியிற் தொடராக வெளிவந்ததே 'சீ பேன்டின்'. புளோய் என்ற பெண் சிறுமியாக அரண்மனைக்குட் புகுவது முதல், எட்டாம் இராமா மன்னர் இறந்த 1946 யூன் 9 ஆந் திகதி தானும் கண்மூடுவது வரையான வாழ்க்கையே அதன் கதை. ஐந்தாம் இராமா முதல் எட்டாம் இராமா வரையான நான்கு ஆட்சிகளை அவளது கண்வழியாக நாம் காண்கின்றோம்.

அரண்மனை மகளிர் கிழமைதோறும் உடுத்த முறையை ஆசிரியர் நுணுக்கமாக விவரிக்கின்றார். அவ்விவரணையில் ஒரு கிழமைக்கு ஒரு நிறம் என்ற விதி இல்லை. கச்சமாக வரிந்து கட்டும் கீழாடைக்கு ஒரு நிறமும், தோளிற் சாத்தும் மேலாடைக்கு அதனோடு முரணி அழகு தரும் பிறிதொரு நிறமும் என இணை இணையாகவே வண்ணங்கள் அமைகின்றன. திங்களில் வெளிர்மஞ்சட் கீழாடைக்கு மெல்லிய நீல மேலாடை. வியாழனில் இலைப்பச்சைக்குக் குருதிச் சிவப்பு. வெள்ளியிற் கடுநீலத்துக்கு மஞ்சள். ஒரு கிழமைக்கே மாற்றாக வேறு இணைகளும் உண்டு. வியாழனுக்குரிய கோலத்தை ஞாயிற்றிலும் புனையலாம். கிரகத்தின் சீற்றமோ பகைவரின் அச்சமோ இங்கு முதன்மை பெறவில்லை. எது பொருந்தும், எது பொருந்தாது என்னும் சுவையுணர்வே முதன்மை பெறுகின்றது. போர்க்களத்துக்கு உரியதாயிருந்த வண்ணம் அந்தப்புரத்தில் நாகரிகமாக மாறிவிட்டது. அரண்மனையில் வளர்ந்தவளை வெளியாளினின்றும் வேறுபடுத்தும் அறிவாகவும் அது தொழிற்பட்டது.

இவ்விடத்தில் ஒரு விமரிசன எச்சரிக்கை அவசியமாகின்றது. குக்ரித் எழுதியது 1950களின் தொடக்கத்தில். முடியாட்சியின் தனியதிகாரத்தை 1932 ஆம் ஆண்டுப் புரட்சி முடிவுக்குக் கொணர்ந்து இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. 1939 க்கும் 1942 க்கும் இடையிற் பிபுன் சொங்கிராம் அரசு பிறப்பித்த பண்பாட்டு ஆணைகள், மக்கள் எதனை உடுக்க வேண்டும் என்பதையும் விதித்திருந்தன. அவ்வனுபவத்தின் பின்னர் எழுதப்பட்ட நாவலில், ஆணையிடுவார் எவருமின்றியே எல்லோரும் அழகாக உடுத்த உலகமாக அரண்மனை காட்சியளிப்பதில் வியப்பில்லை. ஆசிரியரின் வகுப்புச் சார்பும் கழிவிரக்கமும் அவ்வண்ணங்களிற் கலந்துள்ளன. அவ்வழகைத் தாங்கி நின்ற ஏவலாளரின் உழைப்பும், அரண்மனை மதிலுக்கு அப்பால் வயலில் நின்ற பெண்ணின் ஒற்றைச் சேலைத்துண்டும் நாவலின் பார்வைக்கு மையமாவதில்லை. எனவே இந்நூலை ஐந்தாம் இராமா காலத்து உடை வழக்குக்கு ஆவணமாகக் கொள்வோர், அது இழந்ததொன்றைப் பற்றிய ஏக்கத்தின் ஆவணமுமாகும் என்பதை மறத்தலாகாது. இக்குறையைக் கூறுவதால் நாவலின் சிறப்புக் குன்றிவிடாது. நிறங்களைப் பெயர்சொல்லி அழைக்கும் அதன் நுண்மை, மறைந்துபோன ஒரு புலனுணர்வை மீட்டுத் தருகின்றது.

4

பிறந்த கிழமையை மையமாகக் கொண்ட வழக்கு முன்னர் இருந்ததில்லை என நாம் கூறவில்லை. எட்டு வகுப்புச் சோதிடம் அதனையே அடிப்படையாகக் கொண்டது. அந்நாட்டு விகாரைகளிற் கிழமைக்கு ஒன்றாகப் புத்தர் திருவுருவங்கள் நிறுவப்பட்டிருத்தலையும் காணலாம். செவ்வாயிற் பிறந்தவர் சயனித்த கோலத்தையும், புதன் பகலிற் பிறந்தவர் பிச்சாபாத்திரம் ஏந்திய கோலத்தையும், வியாழனிற் பிறந்தவர் தியானக் கோலத்தையும், சனியிற் பிறந்தவர் நாகம் குடைபிடிக்கும் கோலத்தையும் வணங்குவர். இவற்றில் ஒருவர் தம் பிறப்பைத் தமக்கே உரிய காப்பாகக் கொள்கின்றார். அது தனிமனித நம்பிக்கை.

இதற்கு அடுத்த மாற்றமே சமூக நோக்கிற் பாரதூரமானது. பிறந்த கிழமையின் நிறம் அரச குடும்பத்தினரின் அடையாளமாயிற்று. ஐந்தாம் இராமாவாகிய சுலாலங்கோன் மன்னர் பிறந்தது 1853 செப்டெம்பர் 20, செவ்வாய்க்கிழமை. அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தின் நிறம் இளஞ்சிவப்பு. பூமிபோல் மன்னர் பிறந்தது 1927 டிசெம்பர் 5, திங்கட்கிழமை. ஆகவே அவருக்கு மஞ்சள். அரசி சிரிகித் வெள்ளியிற் பிறந்தமையால் நீலம். இளவரசி சிரிந்தோன் சனியிற் பிறந்தமையால் ஊதா. மன்னர் அரியணையேறிய அறுபதாம் ஆண்டு 2006 யூனிற் கொண்டாடப்பட்டபோது, பாங்கொக் வீதிகளை மஞ்சட் சேர்ட் அணிந்த பெருந்திரள் நிறைத்தது. திங்கட்கிழமைதோறும் அவ்வாடையை அணிதல் வழக்கமாயிற்று. 2007 நவெம்பரில் மருத்துவமனையிலிருந்து வெளியேறிய மன்னர் இளஞ்சிவப்பு மேலங்கியுடன் தோன்றியதும், அந்நிறச் சேர்ட்டுகளை வாங்க மக்கள் வரிசையில் நின்றனர்.

இங்கு நிகழ்ந்தது யாது? 'சவஸ்தி ரக்சா'வில் வண்ணம் இன்றைய நாளுக்கு உரியது. எட்டு வகுப்புச் சோதிடத்தில் அது என் பிறப்புக்கு உரியது. மஞ்சட் சேர்ட்டிலோ அது இன்னொருவரின் பிறப்புக்கு உரியது. புதனிற் பிறந்தவரும் சனியிற் பிறந்தவரும், ஏன், செவ்வாயிற் பிறந்து அதனால் திங்களின் நிறமே காலகண்ணியாக அமைந்தவரும் மஞ்சளையே உடுத்தனர். சோதிடத்தின் சொல் எஞ்சியிருக்க அதன் தருக்கம் மறைந்துவிட்டது. அணிபவரின் நாளும் பிறப்பும் இரண்டும் நீங்க, விசுவாசம் ஒன்றே பொருளாக எஞ்சியது.

விசுவாசத்தின் சின்னமானது கட்சிச் சின்னமாவதற்கு நெடுங்காலம் செல்லவில்லை. அதே 2006 இற் பிரதமர் தக்சின் சினவத்ராவை எதிர்த்து எழுந்த மக்கள் சனநாயகக் கூட்டணியினர் மஞ்சளைத் தமதாக்கினர். 2008 நவெம்பரிற் பாங்கொக்கின் விமான நிலையங்களை முற்றுகையிட்டோர் அவர்களே. அவர்களை எதிர்த்தோர் சிவப்பை அணிந்தனர். இச்சிவப்பை ஞாயிற்றுக்கிழமையோடு இணைத்துப் பொருள் காண முற்படுதல் பிழையாகும். அது 2007 ஆம் ஆண்டு அரசியலமைப்பு வாக்கெடுப்பில் 'வேண்டாம்' என வாக்களிக்கக் கோரியோரின் நிறமாக எழுந்தது. நாட்டுக் கொடியிற் சிவப்பு தேசத்தைக் குறிப்பது. 2010 ஏப்பிரில், மே மாதங்களில் 90 இற்கு மேற்பட்ட உயிர்கள் பலியாகின. அக்காலத்தில், காலையில் அலுமாரியைத் திறந்து ஒரு மஞ்சளையோ சிவப்பையோ எடுத்து உடுத்தற்கே பலர் தயங்கினர். பகைவரை அஞ்சச் செய்யும் வண்ணத்தைச் சுந்தோன் பூ இளவரசனுக்குக் கற்பித்தார். இரு நூற்றாண்டுகளின் பின் வண்ணத்துக்கு அஞ்சியோர் அயலவரே.

பூமிபோல் மன்னர் 2016 ஒக்டோபர் 13 இல் மறைந்தபோது எல்லா நிறங்களும் கருமைக்குள் அடங்கின. கரிய துணிக்குத் தட்டுப்பாடு ஏற்பட, மக்கள் தம் பழைய வண்ண ஆடைகளைப் பொது இடங்களிற் கொதிநீர்ச் சட்டிகளில் இட்டுச் சாயமேற்றினர். அடுத்து வந்த வஜிரலோங்கோன் மன்னரும் திங்கட்கிழமையிற் பிறந்தவரே. ஆதலால் 2019 மே மாத முடிசூட்டு விழாவில் மஞ்சள் மீண்டது.

5

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிபு ஒன்றே. கிழமை வண்ணம் என்பது மாறாத ஒரு நம்பிக்கை அன்று. ஒரே பெயரின்கீழ் நின்ற வெவ்வேறு சமூகச் செயல்களின் தொடர். போர்வீரனுக்கு அது காப்பு; அரண்மனை மகளிர்க்கு அது நயம்; விகாரையில் வணங்குவோர்க்கு அது ஆறுதல்; அரசுக்கு அது விசுவாசத்தின் அளவுகோல். மாறிய ஒன்றை மாறாதது எனக் கூறுவதால் நன்மை பெறுவோர் எவர் என்ற வினாவும் உடனெழுகின்றது. இன்றைய மஞ்சளுக்குத் தொன்மையைத் தேடுவோர் சுந்தோன் பூவைத் துணைக்கழைப்பர். அவர் திங்களுக்கு உரைத்ததோ வெண்மை.

நம்பிக்கைகளின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இலக்கியம் வெறும் சான்றுக் களஞ்சியம் அன்று. ஒரு வரியைப் பெயர்த்தெடுத்துப் பட்டியலில் இடுவதற்கு முன்னர், அது யாருக்கு, எக்காலத்தில், எப்பயன் கருதிக் கூறப்பட்டது என்பதைக் கேட்டல் வேண்டும். தமிழ்த் தொன்மை பற்றி எழுதும் நாமும் இக்கேள்விக்குப் புறம்பானவரல்லர். நமது நூல்களிலிருந்தும் வரிகளைப் பெயர்த்து, இன்றைய விருப்பங்களுக்குத் தொன்மை தேடிக்கொள்வது நம்மிடையேயும் நிகழ்வதே. அயலார் மரபைப் பற்றி நாம் காட்டும் நிதானத்தை நம் மரபிடத்தும் காட்டுதல் ஆய்வு நேர்மைக்கு உரிய முதற் கடனாகும்.